சென்னைக்கு இரண்டு நிமிடம் கூட்டவும்

"ரெண்டு நிமிஷத்துல இன்னா ஆயிடப் போவுது" என்று என்னைக் கேட்காத ஆள் உத்திரமேரூர் பஜாரில் பாக்கி இல்லை. வீட்டுக்காரர் கேட்டார், மகள் கேட்டாள், எதிர்க்கடைக்காரர் கேட்டார், வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் இங்கிலீஷில் எழுதிக் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். ஒன்றும் ஆகாது என்றால் அந்த இரண்டு நிமிடத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

என் பெயர் ரோஷன் பீவி. வயது ஐம்பத்திரண்டு. பஜார் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கடை என் அத்தா, அதாவது அப்பா, எனக்கு எழுதிக் கொடுத்தது. கல்லாவில் நான் உட்காருகிறேன், வெளி வேலையை என் வீட்டுக்காரர் மஹபூப் பாஷா பார்க்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், பாத்திரம் விற்கிறவளுக்கு இவ்வளவு விலையில் வாட்ச் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். கடை என்னுடையது, கை என்னுடையது, வாட்சும் என்னுடையது.

வாட்ச் பைத்தியம் கடையிலிருந்துதான் பிடித்தது. கல்யாண மாதங்களில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பழைய பித்தளையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். எடை போட்டு எடுத்துக்கொண்டு அதற்குப் புது எவர்சில்வர் கொடுப்போம். காவாந்தண்டலத்து சடையப்பன் ஒருநாள் கொண்டுவந்த சாக்கைக் கொட்டினபோது ஒரு சொம்புக்குள்ளிருந்து சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று விழுந்தது. ஓடாது, நீயே வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டுக் குக்கரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு திருகு திருகினேன். ஓடியது. காதில் வைத்துக் கேட்டேன். பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை, என் விரல் கொடுத்த முறுக்கில் ஒரு சாமான் உயிரோடு நடக்கிறது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டேன். அப்புறம் இருபது வருஷத்தில் முப்பத்தோரு வாட்ச் சேர்ந்தது.

சேர்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. சென்னையில் அரவிந்தன் என்பவர் நடத்துகிறார். அதில் சேர்ந்த பிறகுதான் தனி ஆளாக வாட்ச் செய்கிறவர்கள் உலகத்தில் சில பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. கம்பெனி கிடையாது, ஷோரூம் கிடையாது. வருஷத்துக்கு நாலோ ஐந்தோ செய்வார்கள். கடையில் போய் வாங்க முடியாது, அவர்களிடம் நாம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால்தான் உண்டு. சேர்க்கிறவன் சாகிறதற்குள் ஒன்றாவது இப்படிச் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும் என்று குரூப்பில் எல்லோருக்கும் கனவு. ஒருத்தர் பிள்ளை பிறந்த ராத்திரி நிலா எப்படி இருந்ததோ அப்படியே கேட்டார். இன்னொருத்தர் தாத்தா ஓட்டின ரயிலின் நம்பரைக் கேட்டார்.

நான் கேட்டது சூரியன் மறைகிற நேரம் காட்டுகிற வாட்ச்.

என் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால்தான் இது புரியும். ரம்ஜான் வந்தால் நோன்பு திறக்கிற நேரத்தை அட்டையில் அடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எங்கள் கைக்கு வந்ததெல்லாம் சென்னையில் அடித்த அட்டை. முப்பது நாளுக்கும் சென்னை நேரம் பெரிய எழுத்தில் இருக்கும். அடியில், எறும்பு வரிசை போல, உத்திரமேரூருக்கு இரண்டு நிமிடம் கூட்டவும் என்று ஒரு வரி. சின்ன வயதில் டிவியில் சென்னைப் பள்ளிவாசலின் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்துக்குக் கையை நீட்டுவேன். அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். "அது மெட்ராஸ் பாங்கு. நம்பளுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் கீது." சென்னைக்காரன் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருப்பான், நாங்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சூரியன் கடலோரத்தில் முதலில் மறைகிறது, எங்களுக்குக் கொஞ்சம் பொறுத்து மறைகிறது. அதில் எனக்கு வழக்கு இல்லை. அந்த அட்டை மேல்தான் வழக்கு. எங்களுக்கென்று ஒரு நேரம் இல்லையா? நாங்கள் சென்னையும் இரண்டு நிமிடமுமா? எதிலும் இதே கதைதான். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிற பஸ்கள்கூட போட்டோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காஞ்சிபுரம் போய்விடுகின்றன. எனக்கு ஒரே ஒரு சாமானிலாவது இந்த ஊர் இந்த ஊராகவே இருக்க வேண்டும். அது என் கையில் இருக்க வேண்டும்.

இந்த மாதிரி வாட்சுக்குள்ளே ஒரு தகடு உண்டு. மாங்கொட்டை மாதிரி கோணல் வட்டமாக இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும். அதன் ஓரத்தை ஒரு சின்ன கம்பி தடவிக்கொண்டே போகும். ஓரம் மேடானால் மறைகிற நேரம் தள்ளிப் போகும், பள்ளமானால் முன்னால் வரும், அதை ஒரு தனி முள் காட்டும். ஒரு தகடு ஒரு ஊருக்குத்தான் பொருந்தும். அதனால் ஊர் பெயரை டயலில் எழுதுவது வழக்கம். பாரிஸ், டோக்கியோ, மும்பை என்று எழுதியிருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

முதலில் வெளிநாட்டில் ஒருத்தருக்கு எழுதினேன். என் மகள் சபா இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக. நீங்கள் சொல்கிற இடம் சிறியது, பக்கத்துப் பெரிய நகரம் சென்னை, வித்தியாசம் இரண்டே நிமிடம், சென்னை என்றே போட்டுக்கொண்டால் பிற்காலத்தில் வாட்ச் கைமாறும்போது மதிப்பு குறையாது என்று எழுதியிருந்தார். நான் செத்த பிறகு வாட்ச் யார் கைக்குப் போகும் என்ற கவலை அவருக்கு. உன் கிராமத்துக்குப் பக்கத்தில் எது பெரிய ஊரோ அந்தப் பெயரை உன் அம்மா கல்லறையில் எழுதுவாயா என்று கேட்டு எழுதச் சொன்னேன். சபா வேறு என்னத்தையோ எழுதி அனுப்பிவிட்டாள். நன்றி என்று ஒரு வரி பதில் வந்ததிலிருந்து எனக்கு அது தெரிந்துபோனது.

அப்புறம்தான் ஐசக்கின் பெயர் காதில் விழுந்தது. ஓசூரில் ஒரு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து செய்கிறார், நாற்பது வயதுதான் இருக்கும், தெரிந்தவர் சொன்னால்தான் ஆர்டர் எடுப்பார் என்றார்கள். அரவிந்தனிடம் கேட்டேன். "சென்னைன்னே போட்டுக்குங்க மேடம், ஐசக்கிட்ட நானே சொல்றேன், பார்க்கவும் க்ளாஸா இருக்கும்" என்றார். அவர் சொல்ல வேண்டாம் என்று நம்பரைத் தேடிப் பிடித்து நானே போன் போட்டேன்.

ஐசக் அதிகம் பேசவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தமிழில் எழுதினால் ஏழு எழுத்து வருகிறது, டயலில் இடம் பிடிக்கும், பரவாயில்லையா என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. நான் முஸ்லிம், அதனால் துவா மட்டும் செய்தேன்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஐந்து நாளைக்கு ஒரு தடவை சூரியனின் கடைசி விளிம்பு மறைகிற நேரத்தை நானே நேரில் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். வருஷத்துக்கு எழுபத்து மூன்று நேரம். கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டதற்கு, "எந்த ஊர்க் கணக்கையும் எடுத்துடலாம்மா. எடுத்துச் செஞ்சா அது என் வாட்ச். நீங்க நின்னு பார்த்து அனுப்பினாத்தான் உங்க வாட்ச்" என்றார்.

ஒரு வருஷம் ஏரிக்கரையில் நின்றேன். ஐந்து நாளைக்கு ஒரு தடவை, ஐந்தே கால் மணிக்குக் கல்லாவை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நேரத்தை நொடி பிசகாமல் சரிசெய்த ஒரு வாட்சும் நோட்டுமாகப் போய் நிற்பேன். மேற்கே முழுக்கத் தண்ணீர், அதற்கு அப்பால் வயல், மறைப்பு கிடையாது. மாடு ஓட்டிக்கொண்டு போகிற பொம்பளைகள் சும்மா விடுவார்களா? "இன்னா பாயம்மா, காவல் காத்துக்கினு கீற, சூரியன் ஓடிப் போயிடுமா?" என்று கேட்பார்கள். ஓடினால் நீ பிடித்துக் கொடு என்பேன். புருஷனோடு சண்டை என்று ஒரு பேச்சு கிளம்பியது. மாந்திரீகம் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். நான் நேரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் கார்த்திகை முடிகிற மட்டும் சாயங்கால வானம் திறக்கவே இல்லை. ஏரிக்கரையில் குடையோடு நின்று வெறும் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுபத்து மூன்றில் அறுபத்தொன்று கிடைத்தது, பன்னிரண்டு கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளிவாசலுக்குள் வருஷம் முழுமைக்கும் தொழுகை நேரம் எழுதின பலகை ஒன்று மாட்டியிருக்கிறது என்றும், அதில் சூரியன் மறைகிற நேரம் தனிக் கட்டத்தில் இருக்கிறது என்றும் வீட்டுக்காரர் சொன்னார். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லாததால் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நெருக்கி எடுத்து வந்தார். பன்னிரண்டு தேதிக்கும் பன்னிரண்டு நேரத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றோடும் இரண்டு நிமிடம் கூட்டினேன். யோசித்துக் கூட்டவில்லை. சோற்றில் உப்புப் போடுகிற மாதிரி கை தானாகக் கூட்டியது. ஐசக்குக்கு அனுப்பிவிட்டேன்.

நாலு நாளில் அவர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கோடாகப் போட்டுப் பார்த்ததில் அக்டோபரில் ஒரு படி ஏறுகிறது, டிசம்பரில் ஒரு படி இறங்குகிறது என்றார். "சூரியன் படியேறாதும்மா. அந்தப் பன்னிரண்டை மட்டும் மறுபடி ஒரு தடவை பார்த்துடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ஓசூரில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் சூரியனுக்குப் பாடம் எடுக்கிறாரா என்று பொங்கிவிட்டது. "கரையில நின்னது நீயா நானா தம்பி? எங்க வூரு சூரியன் எப்பிடிப் போவுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பாத்துத்தான் எழுதினேன்" என்றேன். பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டையும் நான் பார்க்கவே இல்லை. ஆனால் வாயில் வந்தது அப்படித்தான்.

சரிம்மா, நீங்க பார்த்ததாச் சொன்னா தகட்டை அப்படியே வெட்டறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் வாட்ச் வந்தது. வெள்ளை டயல். கீழே கறுப்பில், கைப்பட எழுதினது மாதிரி, உத்திரமேரூர். வெறும் உத்திரமேரூர். மாவட்டம் இல்லை, சென்னை அருகில் என்று இல்லை. கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதேன். ஒரு அம்மாள் இட்லிக் குண்டானுக்கு விலை கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். வீட்டுக்காரர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் கீது" என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

செப்டம்பர் முழுக்க ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். முள் சொன்ன நிமிடத்தில் சூரியன் போனது. குரூப்பில் போட்டோ போட்டு, பெரிய ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினேன். கொஞ்சம் ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அரவிந்தன் நவம்பரில் சென்னையில் நடக்கிற கூட்டத்துக்கு வாட்சைக் கொண்டுவரச் சொன்னார். ஐசக்கும் முதல்முறையாக வருகிறார் என்றார்.

நவம்பர் ஒன்றாம் தேதி, இரண்டு வாரமாகப் பெய்த மழை விட்டு, மேற்கு சுத்தமாகத் திறந்தது. ஆசையாகப் போய் நின்றேன். ஐந்து நாற்பத்தாறுக்கு விளிம்பு தண்ணீருக்குப் பின்னால் போய்விட்டது. வாட்சில் அந்தச் சின்ன முள் ஐந்து நாற்பத்தெட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

அங்கேயே நின்று ஐசக்குக்குப் போன் போட்டேன். என்ன வேலை செய்திருக்கிறாய், இதற்குத்தான் ஒரு வருஷம் நின்றேனா, அடுத்தவாரம் எல்லோர் முன்னாலும் எந்த முகத்தோடு நிற்பது என்று மூச்சு விடாமல் கத்தினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரே வாக்கியம்தான் சொன்னார். நீங்க அனுப்பின தாளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கம்மா என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். நவம்பர் ஒன்றுக்கு எதிரே போன வருஷம் நான் எழுதியிருந்தது ஐந்து நாற்பத்தெட்டு. போட்டோவில் பலகை சொன்னது ஐந்து நாற்பத்தாறு. அதாவது பலகை சொன்னதும் இன்றைக்கு நான் கண்ணால் பார்த்ததும் ஒன்றே. வீட்டுக்காரரைத் திரும்பவும் அனுப்பிப் பலகையை முழுசாகப் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். மேலே பட்டையாக, பச்சைப் பெயிண்டில், 'உத்திரமேரூர் நேரம்' என்று எழுதியிருந்தது. எழுதினவர் இனாயத்துல்லா சார், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். பதினாலு வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊருக்கென்று தனியாகக் கணக்குப் போட்டு எழுதி மாட்டியிருக்கிறார். இதில் யாரும் எதையும் கூட்ட வேண்டாம் என்று, இரண்டாவது தடவை போட்டோ எடுக்கப் போன வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

"தலைப்பை ஏங்க எடுக்கல?" என்றேன்.

"நீ நம்பரைத்தானே கேட்ட?" என்றார். அவர் மேல் தப்பில்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டுக்காரனோடு சண்டை போட்டேன். அரவிந்தனை மதிக்கவில்லை. சென்னையின் வால் இல்லை நாங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எங்கள் ஊர் ஆள் ஒருத்தர் எங்கள் ஊர் நேரத்தையே எழுதி வைத்திருக்க, அதைக் கையில் கொடுத்ததும் இது சென்னையாகத்தான் இருக்கும் என்று எடுத்த எடுப்பில் நம்பினது யார்? சென்னைக்காரன் இல்லை. நான்தான். அதைவிட, பார்த்துத்தான் எழுதினேன் என்று ஐசக்கிடம் அடித்துச் சொன்ன பொய் உறுத்தியது.

கூட்டத்துக்குப் போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றார் வீட்டுக்காரர். ஹாலுக்குள் சூரியனா தெரியப் போகிறது, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பேசாமல் காட்டிவிட்டு வா என்றாள் சபா. இரண்டும் நல்ல யோசனைதான். வாட்சைக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினேன். என்ன செய்யப் போகிறேன் என்று செங்கல்பட்டு தாண்டியும் எனக்கே தெரியவில்லை.

முப்பது பேர் இருந்தார்கள். ஏசி, பிஸ்கட், வெல்வெட் விரித்த தட்டுகள். ஐசக் போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லியாக, தோளில் பையோடு, ஒரு ஓரத்தில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வணக்கம் சொன்னார். தாளைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை.

என் வாட்ச் கை மாறிக் கை மாறிப் போனது. ஐசக்கிடம் ஆர்டர் கொடுப்பதற்காகவே மும்பையிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார், அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் அரவிந்தன் கைக்கு வந்தது. அவர் போனை எடுத்தார், என்னவோ தட்டினார், முகம் மாறியது. இன்றைக்கு உத்திரமேரூரில் சூரியன் மறைவது ஐந்து நாற்பத்திரண்டு, வாட்ச் ஐந்து நாற்பத்துநான்கு காட்டுகிறது என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்ப இரக்கமான குரலில்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐசக். தகடு வெட்டறது தனி ஆள் வேலை இல்லைன்னு இதுக்குத்தான் சொல்றது."

மும்பைக்காரர் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐசக் என் பக்கம் திரும்பவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அனுப்பின தாள் அவர் போனிலேயே இருக்கும், எடுத்துக் காட்டினால் முடிந்தது. காட்டப் போவதில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது. நான் சும்மா இருந்தால் போதும், தப்பு அவர் பெயரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்டர் போகும், பெயர் போகும். நான் வாட்சை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம்.

எழுந்து நின்றேன்.

"அவுரு வெட்டினதுல தப்பு இல்ல. நான் குடுத்த கணக்குதான் தப்பு. பன்னெண்டு நாளு நான் பாக்கவே இல்ல. எங்க பள்ளிவாசல் பலகையைப் பாத்து எழுதினேன். அதுல எங்க வூரு நேரமே சரியா இருந்துச்சு. சென்னை நேரம்னு நெனச்சு நானே ரெண்டு நிமிஷத்தைக் கூட்டிப்புட்டேன். இவுரு படி தட்டுதுன்னு கேட்டாரு. பாத்துத்தான் எழுதினேன்னு பொய் சொல்லி வாயை அடைச்சேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். மறைக்க ஒன்றும் பாக்கி இல்லாதபோது பேசுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரவிந்தனும் சிரித்தார். "அவ்வளவுதானே மேடம், ரொம்ப சிம்பிள். இந்தத் தகட்டைக் கழட்டிட்டு சென்னைத் தகடு போடச் சொல்லுங்க. முள்ளை ரெண்டு நிமிஷம் தள்ளி வெச்சுட்டா உங்க ஊர் வந்துடும். யாருக்குத் தெரியப் போகுது?"

நாற்பது வருஷத்துக் கோபம் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "சார், இது தப்பாவே ஓடட்டும். இது எங்க வூரு தப்பு, எங்க கையாலயே சரி பண்ணிக்கிறோம். சென்னை சரியா கீதுன்னா சென்னைலயே இருக்கட்டும். அதுல ரெண்டைக் கூட்டி எங்க தலையில வெக்காதீங்க."

அரவிந்தன் வாட்சை என் கையில் கொடுத்தார், இந்த முறை இரண்டு கையாலும் கொடுத்தார். ஐசக் அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தகடு மாத்த வேண்டாம்" என்றார். "ரெண்டு நிமிஷம் கூடுதல்னா ஓரத்துல உலோகம் கூடுதலா இருக்குன்னு அர்த்தம். கூடுதலைத் தேய்ச்சு எடுத்துடலாம். குறைஞ்சிருந்தா ஒட்ட முடியாது. அதனாலதான் அன்னைக்கு அம்மா சொன்னபடியே வெட்டினேன்." மும்பைக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை மறுபடி வெளியே எடுத்தார்.

படியிறங்கும்போது ஐசக் என்னோடு வந்தார். வாட்சை இப்போதே கொடுத்தால் கணக்குப் போட்டு ஒரு வாரத்தில் தேய்த்து அனுப்புவதாகச் சொன்னார். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைம்மா என்றார். வாட்சைக் கழற்றிக் கொடுக்கவில்லை. கணக்கு வேண்டாம், அந்தப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்றேன்.

அப்புறமும் மழைதான். நவம்பர் ஒன்றையும் சேர்த்து அந்த வருஷம் ஐந்து நாள்தான் கிடைத்தது. இனாயத்துல்லா சாரின் பலகை ஐந்திலும் சரியாக இருந்தது. வீட்டுக்காரர் கடைசி மூன்று நாளும் கடையைச் சபாவிடம் விட்டுவிட்டு என்னோடு ஏரிக்கரைக்கு வந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கட்டுமா என்றும் கேட்டார். முழுசாக எடுப்பதாக இருந்தால் எடுங்கள் என்றேன்.

இப்போது வருஷத்தில் பத்து மாதம் வாட்ச் சரியாக ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நிமிடம் பிந்திச் சொல்லும். கேட்கிறவர்களிடம் அந்த இரண்டு நிமிடம் என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன், சூரியன் மேல் போடுவதில்லை.

ஐந்து நேரத்தை அனுப்பினபோது ஐசக் கூப்பிட்டார். இந்த ஐந்தே போதும், நடுவில் கோடு இழுத்து மிச்ச ஏழையும் நானே எடுத்துக்கொள்கிறேன், பலகையும் கையில் இருக்கிறதே என்றார். முடியாது என்றேன். அடுத்த ஐப்பசிக்கு மறுபடி நிற்கிறேன் என்றேன்.

"அடுத்த வருஷமும் மேகமாவே இருந்துட்டா?" என்றார்.

"இருக்கட்டும் தம்பி. ஏரி ரொம்பும். அதுக்கு அடுத்த வருஷம் நின்னு பாக்கறேன்."